மருத்துவக் கருவிகளுக்குப் படம் வரையும் பயிற்சிப் பணி: யாங்கூனில் தொடங்குபவர்களுக்கு

யாங்கூனில் டிசைன் கற்ற நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் வந்து சேருகிற வேலை நகைக்கடை விளம்பரம், கல்யாணப் பத்திரிகை, பீலிக்கான் கோயில் திருவிழா பேனர், இல்லையென்றால் யாருக்காவது ஃபேஸ்புக் பேஜ். அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு வேலையும் இங்கே உண்டு. நிவாரண அமைப்புகள் கிராமத்து மருத்துவ நிலையங்களுக்கு அனுப்பும் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று படம் படமாக வரைந்து தருவது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், மலேரியா டெஸ்ட் கிட், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஊட்டச்சத்துக் குறைவை அறியக் குழந்தையின் கைச் சுற்றளவு பார்க்கும் நாடா, பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் சில மாதப் பயிற்சிப் பணியாக, அதாவது இன்டர்ன்ஷிப்பாக, இது வரும்.

ஏன் படம் வேண்டும்? கருவியோடு வரும் கையேடு ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கும். கருவி போய்ச் சேரும் ஊரில் இருப்பவர் கரென் பேசுவார், ஷான் பேசுவார், கச்சின் பேசுவார். பர்மியம் புரியும், ஆனால் அவசரத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் முடியாது. 2025 மார்ச் 28 அன்று மாண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது அல்லவா, அந்த மாதிரி சமயங்களில் வெளிநாட்டுக் கருவிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது. சுவரில் ஒட்டிய ஒரு தாளை நம்பித்தான் வேலை நடக்கும். அந்தத் தாள்தான் உங்கள் பொறுப்பு.

இடம் தேடுவது

மிமு என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் மியான்மர் தகவல் மேலாண்மைப் பிரிவின் தளத்தில் உள்நாட்டவருக்கான வேலைப் பட்டியல் வரும். நிவாரண வேலைகளுக்கான ரிலீஃப்வெப் தளத்தையும் பாருங்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றால் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் ஆன்லைன் பிரிவில் டிசைனர் கேட்டு விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். அதற்குச் சம்பளம் கிடையாது, ஆனால் கையில் காட்ட ஒரு வேலை சேரும். ‘கிராஃபிக் டிசைன்’ என்று மட்டும் தேடினால் பாதி தவறிப்போகும். கம்யூனிகேஷன், ஹெல்த் எஜுகேஷன், ஐ.ஈ.சி. (தகவல், கல்வி, தொடர்பு) மெட்டீரியல் என்ற பெயர்களுக்கு அடியிலும் இதே வேலைதான் ஒளிந்திருக்கும்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்றவை உதவித்தொகை தருகின்றன. தனியார் தொண்டு அமைப்புகளில் ஆளுக்கு ஒரு மாதிரி. உதவித்தொகை உண்டா, பஸ் செலவு தருவார்களா, லேப்டாப் அவர்களுடையதா நம்முடையதா, இன்டர்நெட் செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்துச் சாப்பிடுகிறார்கள் என்றால், முழு நேர இலவசப் பயிற்சிக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. வாரத்தில் இரண்டு நாள் என்று பேசிப்பாருங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

காட்டுவதற்கு என்ன வேண்டும்

பத்திரிகையும் பேனரும் நிறைந்த போர்ட்ஃபோலியோவை இந்த வேலைக்கு நீட்டினால் மரியாதைக்குப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அவர்கள் தேடுவது அழகை அல்ல. ஒரு செயலை வரிசையாகப் பிரித்துக் காட்டத் தெரியுமா என்பதை.

அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. நம் வீடுகளில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இல்லாத வீடு எது? அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவுவது, ஸ்டிரிப்பை மெஷினில் செருகுவது, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துவது, ஸ்டிரிப்பின் ஓரத்தை ரத்தத்தில் தொடவைப்பது, எண்ணைப் பார்ப்பது, ஊசியைப் பத்திரமாகப் போடுவது. இதை ஒரு எழுத்துகூட இல்லாமல் கட்டம் கட்டமாக வரையுங்கள். அப்புறம் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின். இந்த இரண்டு மட்டும் நன்றாக இருந்தால் போதும், நேர்காணலில் பேச்சு அதைச் சுற்றியேதான் ஓடும். ‘இந்த மூன்றாவது கட்டத்தில் ஏன் கையை இந்தப் பக்கமிருந்து காட்டினாய்?’ என்று கேட்பார்கள். பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

மென்பொருளுக்காகக் கடன் வாங்காதீர்கள். இங்க்ஸ்கேப் இலவசம்; இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். அமைப்பு இல்லஸ்ட்ரேட்டர் கேட்டால் லைசென்ஸை அவர்கள் தரட்டும்.

முதல் வாரம்: வரையாமல் இருப்பது

சேர்ந்த அன்றே கம்ப்யூட்டரைத் திறக்கத் துடிப்பீர்கள். வேண்டாம். கருவியைக் கையில் எடுங்கள். மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் டெக்னீஷியனிடம், அவர் சயாவோ (ஐயா) சயாமாவோ (அம்மா), பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். அவர் ஒருமுறை செய்து காட்டட்டும். பிறகு நீங்கள் அவர் முன்னால் செய்யுங்கள். எந்த இடத்தில் தயங்குகிறீர்களோ அந்த இடத்துக்கு ஒரு கட்டம் தேவை. ‘சயாமா, இங்கே வழக்கமாக யார் தப்பு செய்வார்கள், என்ன தப்பு செய்வார்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்குக் கிடைக்கும் பதில் கையேட்டின் ஐம்பது பக்கத்தைவிட உதவும்.

ஃபோனில் படம் எடுக்கும்போது கருவிக்கு அருகில் போய் எடுக்காதீர்கள். முன்பக்கம் வீங்கியும் பின்பக்கம் சுருங்கியும் தெரியும், அதன்மேல் கோடு போட்டால் கருவியே கோணலாகிவிடும். நாலு எட்டு பின்னால் போய் ஜூம் செய்து எடுங்கள். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே கோணம். நடுவில் கோணம் மாறினால் பார்ப்பவர் வேறு கருவி என்று நினைத்துவிடுவார்.

இன்னொன்று, இது நம் நாட்டில் முக்கியம். ஃபோனில் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். நோயாளி முகம் வேண்டாம், ஊழியர் முகமும் வேண்டாம், மருத்துவ நிலையத்தின் பெயர்ப் பலகை வேண்டவே வேண்டாம். எடுத்ததை நண்பர்களுக்கு அனுப்புவதும் கூடாது. படம் வரைந்து முடிந்ததும் ஃபோனில் இருந்து அழித்துவிடுங்கள்.

கம்பெனியின் கையேட்டில் இருக்கும் படத்தின்மேல் அப்படியே கோடு இழுப்பது சுலபமாகத் தோன்றும். அந்தப் படத்துக்குக் காப்புரிமை உண்டு. நீங்களே எடுத்த புகைப்படத்தில் இருந்து வரைந்தால் அந்தத் தலைவலி இல்லை.

கட்டங்களாகப் பிரிப்பது

ஒரு கட்டத்தில் ஒரு செயல். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்று’ என்பது இரண்டு கட்டம். இடம் போதவில்லை என்று சேர்த்தால், மூடி திறந்திருக்கும் பாட்டிலில் தண்ணீர் தானாக வந்தது போல ஆகிவிடும்.

கருவியைவிட அதைப் பிடித்திருக்கும் கைக்கு அதிக உழைப்பு போகட்டும். புதிதாக வருபவர்கள் கருவியின் ஒவ்வொரு திருகாணியையும் அச்சு அசலாக வரைந்துவிட்டு, கையை ஐந்து சொஸேஜ் மாதிரி ஒட்டிவைப்பார்கள். படத்தைப் பார்ப்பவர் தன் கையை எங்கே வைப்பது என்றுதான் தேடுகிறார். எந்த விரல் அழுத்துகிறது, எந்தக் கை தாங்கிப் பிடிக்கிறது, கையுறை போட்டிருக்கிறதா, இவை தெளிவாக இருக்க வேண்டும். செய்பவரின் கண் பார்க்கும் திசையிலிருந்து வரையுங்கள். எதிரே நின்று பார்ப்பது போல வரைந்தால் இடது வலது மாறிப்போகும்.

கோட்டில் மூன்று தடிமன் வைத்துக்கொள்ளுங்கள். வெளி விளிம்புக்கு ஒன்று, உள் விவரத்துக்கு மெல்லியது, இந்தக் கட்டத்தில் தொட வேண்டிய பாகத்துக்குத் தடித்தது. நிழல், பளபளப்பு எல்லாம் வேண்டாம். தொட வேண்டிய பாகத்துக்கு மட்டும் ஒரு வண்ணம் கொடுத்தால் கண் நேரே அங்கே போகும்.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகப்பில் கண்ணாடிக் குழாய் போல ஒன்று நிற்கும், உள்ளே ஒரு சின்னப் பந்து மிதக்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் போகிறது என்பதைப் பந்து நிற்கும் இடம் காட்டும். 2 லிட்டர் வேண்டுமென்றால் 2 என்ற கோடு பந்தின் நட்டநடுவே ஓட வேண்டும். பந்தின் தலையில் கோட்டை வைப்பவர்கள் உண்டு, அடியில் வைப்பவர்களும் உண்டு. முழுக் கருவியையும் வரைந்த படத்தில் இந்தப் பந்து ஒரு கடுகு அளவுதான் வரும். அதனால் குழாயை மட்டும் பெரிதாக்கி ஒரு வட்டத்துக்குள் தனியாக வரைய வேண்டும். கோடு பந்தின் நடுவே போவது பளிச்சென்று தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு கண்ணையும் வரைந்து, கண்ணும் பந்தும் ஒரே உயரத்தில் இருப்பதைக் காட்டுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். தலையில் கோடு, அடியில் கோடு என்று தப்பான இரண்டையும் குறுக்குக் கோடு போட்டுச் சிறிதாக வைக்கலாம், ஆனால் சரியான படத்தைவிடப் பெரிதாகிவிடக் கூடாது.

அதே கருவியில் இன்னொரு வேடிக்கை, பிளக். நம் நாட்டில் சுவருக்குச் சுவர் சாக்கெட் வேறு. உருண்டைக் கால், சதுரக் கால், இரண்டு கால், மூன்று கால், எல்லாம் உண்டு. எந்த பிளக்கை வரைவது? போகும் இடத்தில் என்ன இருக்கிறது என்று லாஜிஸ்டிக்ஸ் பிரிவில் கேட்டு வரையுங்கள். ஸ்டெபிலைசர் சேர்த்து அனுப்புகிறார்கள் என்றால் அதுவும் படத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

வண்ணத்தை நம்பாதீர்கள்

நீங்கள் வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தது நகரத்தோடு சரி. அங்கிருந்து டவுன்ஷிப், அங்கிருந்து கிராமம் என்று போகும்போது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கறுப்பு வெள்ளையாகத்தான் போய்ச் சேரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கையை அளக்கும் நாடாவில் 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 115 முதல் 125 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. ஜெராக்ஸில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். சிவப்புப் பகுதிக்குச் சாய்கோடு, மஞ்சளுக்குப் புள்ளி, பச்சைக்கு வெறுமை என்று வடிவத்தாலும் பிரித்துவிடுங்கள். சிவப்பு பச்சை பிரித்தறியாத கண் உள்ளவர்களுக்கும் அது உதவும்.

இதைவிடச் சிக்கலானது மலேரியா டெஸ்ட். கிராமத்துத் தன்னார்வலர்கள் தினமும் கையாளுகிற பொருள் அது. ஜன்னலில் சி (C) என்ற இடத்தில் கோடு வந்தால் டெஸ்ட் வேலை செய்கிறது என்று பொருள். அது வராவிட்டால் டெஸ்ட் செல்லாது, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். டி (T) பக்கம் கோடு வந்தால் மலேரியா உண்டு. அந்தக் கோடு மங்கலாக இருந்தாலும் உண்டுதான். மங்கலான கோட்டை எப்படி வரைவது? இளம் சாம்பலில் போட்டால் திரையில் அழகாக இருக்கும். ஒரு ஜெராக்ஸ் எடுத்ததும் கோடு மறைந்துவிடும். ‘மலேரியா உண்டு’ என்ற படம் ‘இல்லை’ என்று மாறி ஒரு கிராமத்துச் சுவரில் தொங்கும். சாம்பல் வேண்டாம். நெருக்கமான மெல்லிய கறுப்புக் கீற்றுகளால் அந்தக் கோட்டை நிரப்புங்கள். பக்கத்தில் தடித்த கோட்டுடன் இன்னொரு ஜன்னலை வைத்து, இரண்டுக்கும் ஒரே குறி போடுங்கள். முடித்த பிறகு ஜெராக்ஸ் எடுங்கள், அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுங்கள். அதிலும் தெரிந்தால்தான் படம் முடிந்தது.

சின்னங்கள்

மருத்துவம் என்றதும் கை தானாகச் சிவப்புச் சிலுவை போடப் போகும். போடக் கூடாது. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின்படி அது பாதுகாக்கப்பட்ட சின்னம். செஞ்சிலுவை அமைப்புகளும் படைகளின் மருத்துவப் பிரிவும் தவிர மற்றவர்கள் அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. முதலுதவியைக் காட்டப் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது.

பெட்டிகளின்மேல் இருக்கும் குறிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15223 என்ற தரநிலை உண்டு. 2 என்ற எண்ணின்மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் மறுபடி பயன்படுத்தக் கூடாது, மணற்கடிகாரம் காலாவதித் தேதி, குடை நனையவிடாதே. இவற்றை உங்கள் ரசனைக்கு மாற்றி வரையாதீர்கள். பெட்டியில் இருப்பதும் சுவரில் இருப்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஆட்களை வரையும்போது நம் ஊர் ஆட்களாக இருக்கட்டும். ஆண்களுக்கு லோஞ்ஜி, பெண்களுக்குத் தமெயின், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து. வெள்ளைக் கோட்டு போட்டுச் சிரிக்கும் ஸ்டாக் டாக்டர் இங்கே எந்தக் கிராமத்திலும் இல்லை. காலை இன்னொருவர் பக்கம் நீட்டி உட்கார்ந்திருப்பது போலவும் வரைய வேண்டாம், பார்ப்பவர் முகம் சுளிப்பார்.

பர்மிய எழுத்து

படம் தானாகப் பேச வேண்டும் என்றாலும் தலைப்பு, எச்சரிக்கை என்று கொஞ்சம் எழுத்து வரத்தான் செய்யும். 2019 அக்டோபர் 1 முதல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. இருந்தும் பழைய கோப்புகளில் ஜாவ்ஜி என்ற பழைய எழுத்துரு முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய வாசகம் ஜாவ்ஜியா யூனிகோடா என்று பார்த்து, தேவையென்றால் மாற்றிவிட்டு ஒட்டுங்கள். பிடாங்சு, பதாவ், நோட்டோ சான்ஸ் மியான்மர் ஆகிய எழுத்துருக்கள் இலவசம். இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் பர்மியம் சரியாகச் சேரும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போஸரை, அதாவது எழுத்துகளைச் சேர்க்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகள் பிரிந்து சிதறும்.

பர்மியத்தில் எழுத்துக்கு மேலும் கீழும் அடுக்கு வரும் என்பதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாத மொழி, அதனால் வரி தவறான இடத்தில் உடையும். நீங்களே பார்த்து உடைக்க வேண்டும். கருவியின் திரையில் தெரியும் எண்களைப் பர்மிய எண்ணாக மாற்றாதீர்கள். அங்கே என்ன தெரிகிறதோ அதையே வரையுங்கள்.

காட்டிப் பார்ப்பது

இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். டெக்னீஷியன் கருவி சரியா என்று பார்ப்பார், மருத்துவப் பொறுப்பாளர் செயல்முறை சரியா என்று பார்ப்பார். எத்தனை லிட்டர், எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பதை நீங்களாக எங்கிருந்தும் எடுத்துப் போடக் கூடாது. கிட்டுக்குக் கிட்டு காத்திருக்கும் நேரம்கூட மாறும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தேர்வு. ஆபீஸில் இருப்பவர்களிடம் காட்டினால் எல்லாருக்கும் புரியும், ஏனென்றால் அவர்களுக்குக் கருவி ஏற்கெனவே தெரியும். வெளியே போங்கள். இந்த விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. பெகு பக்கத்துக் கிராமங்களிலும் மோல்மீனிலும் யாங்கூனிலேயும் பர்மியம் சரளமாகப் பேசி, படிக்கத் தெரியாத அத்தைகளும் தாத்தாக்களும் நம் உறவிலேயே இருக்கிறார்கள். கோயில் அன்னதானப் பந்தி முடிந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரம் நல்ல நேரம்.

எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம். ‘புரிகிறதா அத்தை?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்குப்பா’ என்பார், பாசத்தில். படத்தைக் கையில் கொடுத்து, ‘இதுல என்ன நடக்குது, சொல்லுங்க அத்தை’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்காதீர்கள், தலையாட்டாதீர்கள். அம்புக்குறியைப் பார்த்து ‘இது என்ன, குச்சியா?’ என்பார். பெரிதாக்கிக் காட்டிய வட்டத்தைத் தனியான இன்னொரு பொருள் என்பார். குறுக்குக் கோடு போட்ட தப்பான படத்தைச் செய்ய வேண்டியது என்பார். ஒவ்வொன்றும் தங்கம். எழுதிக்கொள்ளுங்கள். கருவி கையில் இருந்தால் இன்னும் நல்லது: படத்தை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லி, கை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஒருவர் சொன்னதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரே இடத்தில் பலர் தடுக்கினால் அந்தக் கட்டத்தைத் திரும்ப வரையுங்கள்.

கரண்ட், கோப்பு, அச்சு

கரண்ட் எப்போது வரும் போகும் என்று உங்கள் ஏரியாவின் முறை உங்களுக்குத் தெரியும், அதை வைத்து வேலையைப் பிரியுங்கள். கரண்ட் இல்லாத நேரம் பென்சில் ஸ்கெட்சுக்கும் கட்டம் பிரிப்பதற்கும். தானாகச் சேமிக்கும் வசதியை முடுக்கிவையுங்கள். கோப்புப் பெயரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று போடாமல் கருவி, மாடல், மொழி, தேதி என்று போடுங்கள். அதே தேதியும் மாடல் பெயரும் தாளின் அடியில் சின்னதாக அச்சாகட்டும். பழைய தாளும் புதிய தாளும் ஒரே சுவரில் இருந்தால் எது நடப்பு என்று தெரிய வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றுங்கள், திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தனியே வைத்திருங்கள். மழைக்காலம் நம் ஊரில் மாதக்கணக்கில் ஓடுவதால் லேமினேஷன் அவசியம். பளபளக்காத வகை கிடைத்தால் அதைக் கேளுங்கள், டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளப்பு வகை கண்ணைக் கூசும். சுவருக்கு ஏ3, கருவியோடு கட்டித் தொங்கவிட ஏ5.

கிளம்பும் முன்

வரைந்த படங்கள் பெரும்பாலும் அமைப்பின் சொத்து. போர்ட்ஃபோலியோவில் போட எவற்றுக்கு அனுமதி என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சான்றிதழோடு, என்னென்ன கருவிகளுக்கு வரைந்தீர்கள் என்று குறிப்பிட்ட ஒரு கடிதமும் கேளுங்கள். அடுத்த இடத்தில் அந்தக் கடிதம்தான் பேசும். மூலக் கோப்புகளை ஒப்படைக்கும்போது லேயர்களுக்குக் ‘கை’, ‘குழாய்’, ‘பந்து’, ‘பர்மிய எழுத்து’ என்று பெயர் வைத்துவிட்டுப் போங்கள். கருவியின் அடுத்த மாடல் வந்ததும் அதைத் திறந்து திருத்தப்போவது உங்களுக்குப் பின்னால் வரும் இன்டர்ன்.